ஆழ்கடலுக்கு ஆள் தயாரா?

திங்கள், புதன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாட்களும் ராமேசுவரம் விசைப்படகுகளின் நாட்கள். மற்ற நாட்களில் கடல் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. பல வருஷங்களுக்கு முன் இரு தரப்பாரும் கூடிப் பேசி வகுத்துக்கொண்ட ஏற்பாடு இது.

விசைப்படகு போகும் நாளில் மீன்துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்குவார்கள். டீசலும் ஐஸும் ஏறும். காலையில் படகு துறையை விட்டுப் புறப்படும். இரவெல்லாம் மடி இழுக்கும். மறுநாள் காலையில் கரைக்கு வந்துவிடும். இறாலும் நண்டும் கணவாயும் கூடைகூடையாக இறங்கும். செலவு போக மிஞ்சியதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அன்று சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு அரிசி வந்துவிடும்.

ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் ஆகிய ஊர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் பிழைக்கின்றன. அரை நூற்றாண்டாக நடந்துவரும் பிழைப்பு.

இதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று 2017-ஆம் வருஷம் சர்க்கார் சொல்லிற்று. ஆழ்கடலுக்குப் போங்கள் என்றது. அதற்குப் படகும் தருகிறோம், பணமும் தருகிறோம் என்றது. ஆனாலும் மிகச் சிலரே மாறினார்கள்.

பணம் போதவில்லை என்பது ஒரு காரணம். அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இன்னொரு காரணத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. படகை எடுத்துக்கொண்டு போகிற தொழிலாளிக்குப் புதுத் தொழில் கைவர வேண்டும் அல்லவா? அதற்கு என்ன வழி செய்யப்பட்டது என்பதுதான் அந்தக் காரணம்.

மாற வேண்டிய அவசியம்

பாக் விரிகுடா சிறிய கடல். ஆழமும் இல்லை. பெரும்பகுதியில் ஏழெட்டுப் பாகம் தண்ணீர்தான் இருக்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர் தூரமே. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தக் கடலின் நடுவே எல்லைக்கோடு வகுக்கப்பட்டது.

இவ்வளவு சிறிய கடலில் இத்தனை விசைப்படகுகளுக்கு இடம் ஏது? மடி தரையைச் சுரண்டிக்கொண்டு போகும். பெரிய மீனோடு குஞ்சும் வரும். மீன் முட்டையிடும் பாசியும் புல்லும் பிய்ந்து வரும். நம் பக்கத்தில் மீன்பாடு குறையக் குறையப் படகுகள் எல்லையைத் தாண்டின.

இலங்கையில் 1983 முதல் 2009 வரை யுத்தம் நடந்தது. அந்த நாட்களில் வடக்கு இலங்கை மீனவர்களால் சரிவரக் கடலுக்குப் போக முடியவில்லை. யுத்தம் முடிந்து அவர்கள் வலையை எடுத்துக்கொண்டு வந்தபோது, தங்கள் கடலில் நம் படகுகளைக் கண்டார்கள். அவர்களும் தமிழர்களே. அவர்களும் ஏழைகளே. நம் மடி அவர்களுடைய சிறு வலைகளை அறுத்துக்கொண்டு போயிற்று. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அடுத்த வருஷம், எல்லை தாண்டும் அந்நியப் படகுகளுக்கு அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திற்று. 2024-இல் மட்டும் ஐந்நூறுக்கும் அதிகமான இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. அந்த வருஷம் படகை ஓட்டிப் போனவர்கள் சிலருக்கு அங்குள்ள கோர்ட்டுகள் சிறைத் தண்டனையும் விதித்தன. படகின் சொந்தக்காரர் கரையில் இருக்கிறார்; ஜெயிலுக்குப் போகிறவர் சம்பளத்துக்கோ பங்குக்கோ ஓட்டப்போன டிரைவர். இதைக் கவனிக்க வேண்டும்.

கற்றுக்கொடுத்தது யார்?

இழுவை மடி இந்தக் கரையின் ஆதித் தொழில் அல்ல. வள்ளமும் வத்தையும் கட்டுமரமும்தான் பாட்டன் காலத்துத் தொழில். மடி இழுக்கக் கற்றுக்கொடுத்தது சர்க்கார்.

1952-இல் நார்வே நாட்டோடு இந்தியா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மறு வருஷம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் வேலை தொடங்கிற்று. யந்திரப் படகும், ஐஸ் தொழிற்சாலையும், புது வலையும் வந்தன. இந்த இந்திய-நார்வே திட்டம் 1960-களில் மண்டபத்துக்கும் வந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைப்பது தெரிந்ததும் இழுவை மடிதான் ராஜாவாயிற்று.

அந்த நாட்களில் சென்னை சர்க்கார் கடற்கரை ஊர்களில் மீனவர் பயிற்சி நிலையங்களைத் திறந்தது. மீனவ இளைஞர்களைச் சேர்த்து மாதக்கணக்கில் வைத்துப் பழக்கினார்கள். எஞ்சினைக் கழற்றி மாட்டுவது, திசைகாட்டியைப் பார்த்து ஓட்டுவது, வலை பின்னுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி முடித்தவர்களைக் குழுவாகச் சேர்த்து, தவணைக் கடனில் படகு கொடுத்தார்கள். 1963-இல் கொச்சியில் மத்திய சர்க்காரின் மீன்பிடிப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. இன்று சிஃப்நெட் என்று வழங்குவது அதுதான். 1968-இல் சென்னையிலும் அதன் கிளை ஏற்பட்டது.

அந்தப் பயிற்சி பலித்ததா? பிரமாதமாகப் பலித்தது! காற்றை நம்பிப் பாய் விரித்தவர்களின் பிள்ளைகள் ஒரே தலைமுறையில் எஞ்சின் டிரைவர்களானார்கள். சொல்லப்போனால், தேவைக்கு மேலேயே பலித்துவிட்டது. கடல் தாங்க முடியாத அளவுக்குப் படகுகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று நடந்த வரிசையைப் பாருங்கள். முதலில் ஆளைப் பழக்கினார்கள். பிறகு அவன் கையில் படகைக் கொடுத்தார்கள்.

எண்பது லட்சம் ரூபாய்ப் படகு

2017-இல் வரிசை மாறிற்று. முதலில் வந்தது படகு.

பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளைக் குறைத்து, அவற்றுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகள் கொடுப்பது திட்டம். அவை தூண்டிலும் செவுள் வலையும் கொண்டு சூரை மீன் பிடிக்கும் படகுகள். மூன்று வருஷத்தில் 2,000 படகுகள். முதல் வருஷத்தில் 500. மொத்தச் செலவு 1,600 கோடி ரூபாய். ஒரு படகின் மதிப்பு 80 லட்சம். அதில் மத்திய சர்க்கார் 40 லட்சம், மாநில சர்க்கார் 16 லட்சம் தரும். பாங்கிக் கடன் 16 லட்சம். மீனவர் தம் கையிலிருந்து போட வேண்டியது 8 லட்சம். பழைய இழுவைப் படகை ஒப்படைத்துவிட வேண்டும். 2017 ஜூலை 27-ஆம் தேதி, அப்துல் கலாம் நினைவகத்தைத் திறக்க வந்த பிரதம மந்திரி நரேந்திர மோடி, பயனாளிகளுக்கு அனுமதிக் கடிதங்களை வழங்கினார்.

மூன்று வருஷம் கழிந்தது. 2,000 எங்கே? முதல் வருஷத்து 500-ஐயே நெருங்க முடியவில்லை. படகு வாங்கியவர்களிலும் சிலர் நஷ்டம் என்றார்கள். 80 லட்சத்தில் சரியான படகு கட்ட முடியாது என்று மீனவர் சங்கங்கள் சொல்லின. பின்னால் படகின் மதிப்பு ஒரு கோடிக்கு மேல் உயர்த்தப்பட்டது.

பயிற்சி அடியோடு இல்லாமல் இல்லை. சிஃப்நெட் போன்ற நிலையங்களின் உதவி திட்டத்தில் இருந்தது. ஆனால் அனுமதிக் கடிதம் யாருக்கு? படகுச் சொந்தக்காரருக்கு. ஆழ்கடலில் தூண்டில் விடப் போகிறவர் யார்? அவரிடம் வேலை பார்க்கும் டிரைவரும் தொழிலாளிகளும். சொந்தக்காரருக்குப் பாங்கி இருக்கிறது, கடிதம் இருக்கிறது. தொழிலாளிக்கு இருப்பது பழைய கைப்பழக்கம் ஒன்றுதான். அது இங்கே செல்லாது.

மடி வேறு, தூண்டில் வேறு

ஏன் செல்லாது? இரண்டும் கடல்தானே, இரண்டும் மீன்தானே என்று கரையில் இருப்பவர்கள் கேட்கலாம். நெல் விளைவிப்பவரிடம் காப்பித் தோட்டத்தைக் கொடுத்து, இதுவும் விவசாயம்தானே என்று சொல்வது போன்ற பேச்சு அது.

இழுவைப் படகு மீனைத் தேடிப் போவதில்லை. மடியைத் தரையில் விட்டு இழுத்துக்கொண்டே போகிறது. வழியில் உள்ளது எல்லாம் மடிக்குள் விழும். சூரை அப்படி அகப்படுவதில்லை. அது ஓடுகிற மீன். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடலில் கூட்டமாகத் திரியும். இன்று இங்கே, நாளை எங்கேயோ!

அதற்காகப் பல கிலோமீட்டர் நீளக் கயிற்றை மிதக்க விடுகிறார்கள். அதிலிருந்து கிளைக் கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தூண்டில் முள். இப்படி நூற்றுக்கணக்கான முட்கள். ஒவ்வொன்றிலும் சாளையோ கணவாயோ இரையாகக் கோக்க வேண்டும். கிளைக் கயிறு எவ்வளவு ஆழத்தில் தொங்க வேண்டும்? நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது? சிக்கு விழாமல் கயிற்றை எந்த வேகத்தில் விட வேண்டும்? இதிலே ஒரு கணக்குத் தவறினால் போதும். பத்து நாள் டீசல் வீண்.

ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையமான இன்காய்ஸ், செயற்கைக்கோள் பார்வையில் கடல் நீரின் சூட்டையும் பாசிச் செழிப்பையும் கண்டு, மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைப் படித்து, தூரத்தையும் டீசலையும் கணக்கிட்டு, போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஆள் வேண்டும். கையில் போன் இருந்தால் மட்டும் ஆகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மீன் மேலே வந்த பிறகு நடக்கும் காரியம்.

சூரை மற்ற மீன்களைப் போலக் குளிர்ந்த உடம்புள்ளதல்ல. அதன் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். தூண்டிலில் மாட்டித் துடிக்கத் துடிக்க அந்தச் சூடு இன்னும் ஏறும். அப்படியே தட்டில் போட்டு வைத்தால் சதை வெந்ததுபோல வெளுத்துவிடும். ஆகவே துடிக்கவிடாமல் உடனே கொல்ல வேண்டும். ரத்தத்தை வடிக்க வேண்டும். செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு, ஐஸும் தண்ணீரும் கலந்த குழியில் இறக்கி, நடுச்சதை வரைக்கும் குளிர வைக்க வேண்டும். இத்தனையும் ஆடுகிற படகில், பெரும்பாலும் இருட்டில் நடக்க வேண்டும்.

தாமதித்தால் நிறம் கெடுவது மட்டுமல்ல. சூட்டில் கிருமிகள் பெருகிச் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். அதைத் தின்றால் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். சமைத்தாலும் அது போகாது. ஏற்றுமதிக் கம்பெனிகள் இதைச் சோதித்துப் பார்த்தே வாங்குகின்றன.

ஒரே கடல், ஒரே தூண்டில், ஒரே எடையுள்ள இரண்டு மீன்கள். ஒன்று ஜப்பானியர் பச்சையாக உண்ணும் தரத்தில் விமானம் ஏறுகிறது. மற்றொன்று கருவாட்டுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசம் முழுவதும், மீன் மேலே வந்த முதல் ஒரு மணி நேரத்தில் தொழிலாளியின் கை செய்த வேலை. பயிற்சியினால் வருமானம் கூடுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் அந்த இரண்டு மீன்களையும் பார்த்தால் போதும்.

பழைய தொழிலில் இந்த அவசரம் கிடையாது. மறுநாளே கரைக்கு வந்துவிடுவதால் ஐஸைத் தூவினால் சரி. அந்தப் பழக்கத்தோடு ஒருவர் சூரை பிடிக்கப் போனால், பிடிப்பார். விலைதான் வராது. வந்தவர் சொல்வார்: “ஆழ்கடல் நஷ்டம்” என்று. அவர் சொல்வது பொய்யல்ல.

தூத்தூர்க்காரர்கள் எந்தப் பள்ளியில் படித்தார்கள்?

அப்படியானால் தமிழ்நாட்டு மீனவருக்கு ஆழ்கடல் ஒத்துவராதா? கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டும். கொச்சியைத் தளமாகக் கொண்டு, லட்சத்தீவுக் கடலிலும் மகாராஷ்டிர, குஜராத் கரைகளுக்கு அப்பாலும் ஒரு மாதம், அதற்கு மேலும் தங்கிச் சுறாவும் சூரையும் பிடித்து வருகிறவர்கள் அவர்கள். கொச்சியின் தோப்பும்படித் துறையில் தூத்தூர்க்காரரின் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு.

அவர்களுக்கு வகுப்பு நடத்தியவர் யாருமில்லை. அப்பனோடு, மாமனோடு படகேறிய பையன்கள் அவர்கள். முதலில் சமையல், பிறகு இரை கோக்கும் வேலை, பிறகு கயிறு, கடைசியில்தான் சுக்கான். வருஷக்கணக்கில் கைமாறிய படிப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையிலும் கதை இதுதான். நீர்கொழும்பு, பேருவளைத் துறைகளின் மீனவர்கள் 1980-களுக்குப் பிறகுதான் பல நாள் தங்கும் படகுகளுக்கு மாறினார்கள். இன்று வாரக்கணக்கில் இந்து மகாசமுத்திரத்தில் திரிகிறார்கள். ஒரு நாளில் வந்த வித்தை அல்ல.

ஆழ்கடலில் ஆபத்தும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, முன்பே புறப்பட்டு நடுக்கடலில் இருந்த தூத்தூர் வட்டாரப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பல வீடுகளில் ஆண் துணையே இல்லாமற்போயிற்று. அதன் பிறகுதான் நடுக்கடலுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளில் அக்கறை பிறந்தது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்கள் இப்போது படகுகளில் பொருத்தப்படுகின்றன. ஆபத்து நேரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது, வந்த செய்தியை எப்படிப் படிப்பது என்று படகில் டிரைவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. சமையல் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பத்தைந்து மிதவைகள்

இந்தக் கரையிலேயே பயிற்சி நன்றாக வேரூன்றிய இடமும் உண்டு. அது பெண்களின் வேலை.

மண்டபம் வட்டாரத்துப் பெண்கள் நெடுங்காலமாகத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்துவந்தவர்கள். பாசியை வளர்க்கவும் முடியும் என்பதை மண்டபத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் காட்டினார்கள். 2000-க்குப் பிறகு சுய உதவிக் குழுக்கள் இதில் இறங்கின.

மூங்கிலால் பன்னிரண்டு அடிச் சதுரத்தில் மிதவை கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து, கரையோரக் கடலில் விடுகிறார்கள். நாற்பத்தைந்து நாளில் பல மடங்காக வளர்ந்துவிடும். ஆகையால் ஒரு பெண்ணுக்கு நாற்பத்தைந்து மிதவைகள் என்று கணக்கு வைத்தார்கள். தினம் ஒரு மிதவையை அறுவடை செய்வது. அதிலேயே திரும்ப நடுவது. தினம் வேலை, தினம் வரவு. கணக்கு எவ்வளவு சுலபம் பாருங்கள்! எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலை மடக்கிப் புரிந்துகொள்வார்.

கற்றுக்கொள்ளும் இடம் வீட்டுக்கு எதிரே உள்ள கடல். கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் நிற்கிறார். முடிச்சுத் தவறினால் அடுத்த நாளே தெரிந்துவிடும். கற்றவள் அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வேலை பரவிற்று. 2013, 2014-இல் கடல் சூடேறிப் பாசி கூட்டங்கூட்டமாக அழிந்தபோது இந்தப் பெண்கள் பெரிதும் நஷ்டப்பட்டார்கள். கடல் சூடேறுவதைப் பயிற்சியால் தடுக்க முடியாது. ஆயினும் பாசி திரும்ப வந்தபோது முடிச்சுப் போடத் தெரிந்த கைகள் தயாராக இருந்தன.

வீட்டில் உலை வைப்பது யார்?

ஆழ்கடல் விஷயத்தில் குடும்பத்துக்கு உள்ள பெரிய தடை இதுதான்: மாறும் காலத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இன்று போய் நாளை வருகிற மனிதர் பதினைந்து நாள் வரமாட்டார். பத்துப் பேர் போன படகில் மீன்பாடு இல்லையென்றால் பத்து வீடுகளிலும் கடன். கற்றுக்கொள்ளும்போது பிழை நேராமல் இருக்காது. முதல் சில பயணங்கள் நஷ்டத்திலேயே முடியும். அந்த நஷ்டத்தைப் பங்குக்கு வேலை செய்கிற தொழிலாளியின் தலையில் கட்டினால், அவர் மூன்றாம் பயணத்துக்கு வரமாட்டார். பழைய மடிக்கே போய்விடுவார். பயிற்சிக் காலத்துக்குக் கூலி இல்லாத பயிற்சி, வசதியுள்ளவருக்கு மட்டுமே பயிற்சி.

இதற்கு ஒரு வழி காலண்டரிலேயே இருக்கிறது. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போது ராமேசுவரம் விசைப்படகுத் தொழிலாளிக்கு வேலை கிடையாது. சர்க்கார் உதவித்தொகை தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த அதை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதல் மந்திரி மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

மேற்குக் கரையில் தடைக்காலம் தொடங்குவது ஜூன் 1-இல். அதாவது ராமேசுவரம் படகு கட்டிக் கிடக்கும் நாட்களில் 47 நாள், தூத்தூர்ப் படகு கடலில் இருக்கிறது. அவர்களுடைய ஒரு நீண்ட பயணத்துக்கு அது போதும். ஒவ்வொரு தூத்தூர்ப் படகிலும் ராமேசுவரம் தொழிலாளி இருவரை ஏற்றி அனுப்பலாம். அந்த நாட்களுக்கு அவர்கள் வீட்டுக்குக் கூலியைச் சர்க்கார் கொடுக்கலாம். கற்றுக்கொடுக்கும் டிரைவருக்கும் ஒரு தொகை கொடுக்கலாம். எண்பது லட்ச ரூபாய்ப் படகோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு.

மன்னார் வளைகுடா பக்கம் மூக்கையூரில் மீன்பிடித் துறைமுகம் கட்டியாகிவிட்டது. ஆழ்கடல் படகு கட்ட இப்போதும் மானியம் உண்டு. ஏப்ரல் 15 வருஷாவருஷம் வருகிறது.